பதினோராம் பக்கத்துப் பதில்

திருச்சியில் ஒரு பேக்கரிக்கு மேலே, மாடிப் பயிற்சி மையத்தில், ஒரு பதில் குடியிருந்தது.

விமானப் பணிப்பெண் வேலைக்கு விண்ணப்பிக்கும் பெண்களுக்கு அங்கே மூன்று மாதப் பயிற்சி. ஸ்பைரல் போட்ட நோட்ஸ் ஒன்று கொடுப்பார்கள். அதில் பதினோராம் பக்கம்தான் பதிலின் இடம். பக்கத்தின் தலைமாட்டில் கேள்வி: "இந்த வேலைக்கு ஏன் வர விரும்புகிறீர்கள்?" அதன் கீழே பதில் கால் நீட்டிப் படுத்திருக்கும்.

"மக்களுக்குச் சேவை செய்வதே என் தாகம். உலகைச் சுற்றிப் பார்ப்பதே என் கனவு. வானமே என் வீடு."

இவ்வளவுதான் அது. நோட்ஸில் இங்கிலீஷில் இருந்தது. இங்கிலீஷில் கேட்டால் இன்னும் கொஞ்சம் கேவலமாக இருக்கும்.

ஆறு வருஷமாக இதே பிழைப்பு. நானூறு வாய்க்குள் போய் வந்தாயிற்று. கம்பி போட்ட பல் உள்ள வாய், புதினா மிட்டாய் வாய், பயத்தில் காய்ந்து போன வாய். ஒரு வாயும் அதை மென்றதில்லை. முழுசாக விழுங்கின, முழுசாகத் துப்பின.

"ஒருத்தியாவது ஒரு சொல்லை மாத்திப் போடறாளா?" என்று பதில் எரிந்து விழும். "கல்யாண மண்டபத்து நாற்காலியாடா நான்? வர்றவ எல்லாம் உட்கார்ந்துட்டுப் போறா."

நான்காம் பக்கத்தில் சிரிப்பு இருந்தது. மேல்வரிசைப் பல் எட்டு தெரிய வேண்டும் என்று அளவு வைத்துச் செய்த சிரிப்பு. அதற்கு எதற்கும் கோபம் வராது.

"விடுங்கண்ணே. நம்ம வேலை நடந்தாச் சரி."

"வாயை மூடு."

"மூட முடியாதுண்ணே. எட்டுப் பல்லு தெரியணும்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சிவரஞ்சனி வந்தாள்.

அறந்தாங்கிப் பக்கத்துப் பெண். ஏற்கெனவே இரண்டு நேர்காணலில், தோழியின் நோட்ஸில் படித்த இதே பதிலைச் சொல்லித் தோற்றவள். அவள் ஆசைப்பட்ட விமான நிறுவனத்தில் இருபத்தேழு வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். அவளுக்கு இன்னும் நான்கு மாதத்தில் இருபத்தேழு முடிகிறது. இந்தத் தடவை இல்லை என்றால் எந்தத் தடவையும் இல்லை.

கொண்டை போடக் கற்றுக்கொண்டாள். குதிகால் உயர்ந்த செருப்பில் நடக்கக் கற்றுக்கொண்டாள். விமானத்தில் பெட்டி வைக்கிற மேல்தட்டு எட்டும் என்று காட்ட, கால்விரலில் நின்று, கையைத் தூக்கி, சுவரில் போட்ட கோட்டைத் தொட்டாள். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள். பதினோராம் பக்கம் வந்தால் மட்டும் வண்டி நின்றுவிடும்.

மையத்தை நடத்துகிற ஜெபராஜ் சார் கையில் ஸ்டாப் வாட்ச்சோடு உட்கார்ந்திருப்பார்.

"சொல்லும்மா. நாற்பது செகண்டு."

"மக்களுக்குச் சேவை செய்வதே என் தாகம்..."

அங்கேயே நின்றாள்.

"என்னம்மா, தாகம்னதும் தண்ணி குடிக்கப் போயிட்டியா?"

வகுப்பே சிரித்தது. சிவரஞ்சனியும் சிரித்தாள். எட்டுப் பல்.

"வருது சார். பாதியில என்னமோ அடைக்குது."

"மூணாவது தடவைம்மா இது. அடைக்கிறதை எல்லாம் வீட்டுல வச்சுட்டு வா."

அடைக்கிறதென்று அவள் சொன்னது பொய் இல்லை. ஒவ்வொரு தடவையும் பதில் தொண்டை ஏறும்போது கீழே எதன் மேலோ இடறியது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தது. பிறகு பொறுக்கவில்லை. யார் என்று பார்த்துவிடலாம் என்று கீழே இறங்கியது.

வயிற்றுக்குள் ஒரு மூலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒரு காரணம் உட்கார்ந்திருந்தது. சின்னதுதான். தலை வாரவில்லை. காலில் செருப்பு இல்லை.

"யாரு நீ?" என்றது பதில்.

"நான் இவளோட காரணங்க. இந்த வேலைக்கு ஏன் வர்றாளோ, அது."

"அது நான்டா. பதினோராம் பக்கம் பார்க்கலையா?"

"பார்த்தேங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது இவ இல்லைங்களே."

பதிலுக்குச் சுருக்கென்றது. "அப்ப நீ என்ன, பெரிய இதா? சொல்லு, கேப்போம். சீக்கிரம் சொல்லு."

காரணம் சொன்னது.

"இவ அம்மா இந்திராணி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாங்க. அதுக்கு முன்னாடி ஃப்ளைட்டைப் பக்கத்துல பார்த்ததில்ல. கிளம்பின கொஞ்ச நேரத்துலயே பாத்ரூம் போகணும்னு எந்திரிச்சாங்க. அந்தக் கதவு தள்ளினா நடுவுல மடங்கும். இவங்களுக்குத் தெரியல. இழுத்துப் பார்த்தாங்க. வரல. பூட்டியிருக்காங்க போலன்னு வந்து உட்கார்ந்துட்டாங்க. குவைத்து வரைக்கும் அஞ்சு மணி நேரம் அப்படியே."

"அங்க இருக்கறவங்களைக் கேக்க வேண்டியதுதானே?"

"யாரைங்க? பணிப்பெண் மூணு தடவை வந்து என்னமோ கேட்டுச்சாம். இவங்களுக்குப் புரியல. வேண்டாம் வேண்டாம்னு தலையாட்டிட்டாங்க. சாப்பாடும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். குடிச்சா இன்னும் கஷ்டமாச்சே."

பதில் காலை மடக்கிக் கீழே உட்கார்ந்தது.

"ரெண்டு வருஷம் கழிச்சு லீவுல வந்தப்ப இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. இவளும் சிரிச்சா. அப்புறம் கொல்லைப் பக்கம் போய் நின்னவ ரொம்ப நேரம் உள்ள வரல. அங்கதாங்க நான் பிறந்தேன்."

பதில் தொண்டையைக் கனைத்துக்கொண்டது. அதற்கு என்னவோ செய்தது. என்னவோ செய்ததால் கோபம் இன்னும் ஏறியது.

"பாத்ரூம் கதையை எடுத்துக்கிட்டா வேலை கேக்கப் போறே? உள்ள ஏசி ஹால், கோட்டு போட்ட ஆளுக. நீ தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டுப் போய் நின்னா, அந்தப் பொண்ணைக் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளுவாங்க. மேல வந்தியோ, நடக்கறதே வேற."

"நான் வரலைங்க. நான் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கேன். உங்க கால்தான் என் மேல படுது."

நேர்காணல் சென்னையில் ஓர் ஓட்டல் ஹாலில் நடந்தது. முந்நூறு பெண்கள். முந்நூறு கொண்டை. ஒரே சிவப்பில் முந்நூறு உதடு. கும்பலில் பெற்ற தாயே தன் மகளைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

திருச்சி மையத்திலிருந்து மட்டும் இருபது பேர் வந்திருந்தார்கள். இருபது பேருக்கும் ஒரே பதில்தான் உழைக்க வேண்டும். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து, ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்கு ஓடி ஓடி, மத்தியானத்துக்குள் பதிலுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். குறிப்பெடுக்கிற ஒருவர். நரைத்த முடியைக் கத்தரித்துக்கொண்ட ஒரு மேடம். ஒரு காலத்தில் அவரே இருபது வருஷம் விமானத்தில் தள்ளுவண்டி தள்ளியவர்.

பத்தொன்பதாவதாகப் பெனிட்டா என்கிற பெண் போனாள். "மக்களுக்குச் சேவை செய்வதே..." என்று தொடங்கினாள்.

"என் தாகம்," என்றார் மேடம், காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே. "அடுத்தது கனவு. அப்புறம் வானம், வீடு. சரிதானே? நன்றிம்மா, போயிட்டு வாங்க."

ஆறு வருஷத்தில் இப்படி ஒரு அவமானத்தைப் பதில் பட்டதில்லை. பாதியில் வெட்டினாலும் பரவாயில்லை. அந்த அம்மா அதை ஒப்பித்து அல்லவா காட்டிவிட்டார்!

அடுத்தது சிவரஞ்சனி. உட்கார்ந்தாள். முதுகு நேர். கை மடியில். சிரிப்பு தயார்.

"இந்த வேலைக்கு ஏன் வர விரும்பறீங்க?"

பழக்கதோஷம், பதில் எழுந்தது. தொண்டை தாண்டி, நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அங்கிருந்து எட்டிப் பார்த்தால், மேடத்தின் உதடு ‘சேவை’ என்று சொல்லத் தயாராகக் குவிந்திருக்கிறது.

"சீ, போங்கடா," என்று சொல்லிவிட்டு, பதில் நாக்கின் மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

ஒரு விநாடி. இரண்டு. மூன்று. சிவரஞ்சனியின் வாய் திறந்தபடி இருந்தது. உள்ளே ஒரு சொல் இல்லை.

"அண்ணே, கிளம்புங்கண்ணே!" என்று சிரிப்பு பதறியது. "பல்லு காயுது! எவ்வளவு நேரம் நான் ஒருத்தனே நிக்கறது?"

"கிளம்பமாட்டேன். என்னால முடியாது. நான் என்ன மனுஷனா, மாடா?"

"அவ வேலை போயிடும்ணே! இதோட அவ கதை முடிஞ்சது!"

அது பதிலுக்கும் தெரியும். அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது. குனிந்து கீழே பார்த்துக் கத்தியது.

"ஏய்! கீழே இருக்கறது! எந்திரிச்சு வா!"

"நீங்கதானே வராதேன்னீங்க?"

"இப்ப வான்னு சொல்றேன்!"

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதுங்களே. தலைகூட வாரல."

"அப்படியே போய்த் தொலை!" என்று சொல்லி, பதில் அதன் கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளிவிட்டது. நல்ல மனசில் செய்ததில்லை. அலுப்பில் செய்தது.

காரணம் தடுமாறித்தான் வெளியே வந்தது. கால்வாசி இங்கிலீஷ், முக்கால்வாசி தமிழ். கதவு வந்தது. வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டிய தலை வந்தது. ஐந்து மணி நேரம் வந்தது. அந்த இடத்தில் சிவரஞ்சனியின் குரல் கம்மிவிட்டது. அவள் அதை எதிர்பார்க்கவில்லை. வெட்கப்பட்டுக் குனிந்துகொண்டாள்.

குறிப்பெடுப்பவரின் பேனா நின்றிருந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தமிழிலேயே கேட்டார்.

"அந்த ஃப்ளைட்டுல நீங்க வேலையில இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

சிவரஞ்சனி நிமிர்ந்தாள்.

"ஒன்னும் கேட்டிருக்கமாட்டேன் மேடம். கேட்டா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பாங்க. கூட்டிட்டுப் போய், கதவை ஒரு தடவை மடக்கித் திறந்து காட்டிட்டு, நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்குவேன்."

இருபது பேரில் ஒருத்தியைத்தான் எடுத்தார்கள். சிவரஞ்சனியை.

மறுநாள் அவள் கீழே பேக்கரியில் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு மாடி ஏறினாள். ஜெபராஜ் சாருக்கு நம்ப முடியவில்லை.

"பதினோராம் பக்கத்தைத் திக்காமச் சொல்லிட்டியா?"

"அதைச் சொல்லவே இல்லை சார்."

"பின்னே?"

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஜெபராஜ் சார் கெட்ட மனிதர் இல்லை. கேட்டு முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லாயிரும்மா," என்றார். அவள் படியிறங்கிப் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

சாயங்காலத்துக்குள் புது நோட்ஸ் தயார். பழைய நோட்ஸில் பதிலின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. புது நோட்ஸில், பதினோராம் பக்கத்தில், காரணம் படுத்திருந்தது. தலை வழித்து வாரி, இங்கிலீஷ் சட்டை மாட்டி விட்டிருந்தார்கள். சட்டை கழுத்தைப் பிடித்தது.

பக்கத்து அலமாரியில் கிடந்த பழைய பதில் எட்டிப் பார்த்தது. "நீ இங்க என்ன பண்றே?"

"தெரியலைங்க. கூட்டிட்டு வந்துட்டாங்க."

புது வகுப்பில் முப்பத்து நாலு பேர். ஜெபராஜ் சார் ஸ்டாப் வாட்ச்சோடு உட்கார்ந்தார்.

"அஞ்சு மணி நேரம்ங்கற இடத்துல நிறுத்தணும். ரெண்டு செகண்டு. குரலை இறக்கு. தலையைக் குனி. ரொம்பக் குனியாதே, கொண்டை தெரியும்."

"சார், எங்க அம்மா ஃப்ளைட்டே ஏறினதில்லையே?" என்றாள் ஒருத்தி.

"அதுக்கென்ன இப்போ? சித்தின்னு வச்சுக்க."

நான்கு மாதம் கழித்து அடுத்த நேர்காணல். முப்பத்து நாலு பேரும் போனார்கள். முடிந்து, அன்று இருட்டுவதற்குள் காரணம் அலமாரிக்குத் திரும்பி வந்தது. தொண்டை கட்டியிருந்தது. சட்டைப் பித்தான் இரண்டு அறுந்திருந்தது.

"எத்தனை வாய்?" என்றது பழைய பதில்.

"முப்பத்து நாலு."

"எத்தனை பேரை எடுத்தாங்க?"

"ஒருத்தியையும் எடுக்கல. நாலாவது பொண்ணுகிட்டயே மேடம் கேட்டுட்டாங்க, உங்க அம்மாவுக்குமான்னு."

"யாருமே அழலையா?"

"எல்லாரும் அழுதாங்க. சார் சொன்ன இடத்துல."

பதில் எரிச்சலில் புரண்டு படுத்தது. மறுபடியும் இந்தப் பக்கம் திரும்பியது.

"ஏன்டா, முப்பத்து நாலு பேர் போயிருக்காளுக. ஒருத்தி வயித்துலகூடச் சொந்தமா ஒன்னு இல்லையா?"

"எல்லார்கிட்டயும் இருந்துச்சுங்க."

"பின்னே ஏன் மேல வரல?"

காரணம் பித்தான் அறுந்த சட்டையை இழுத்து மூடிக்கொண்டது.

"வழியில நான்ல நின்னேன்."