அன்னக்கொடியின் பலகை

ஈரத்துணி பலகையில் இழுபடும் ஓசை முதலில் வரும். பிறகு சிறிது நேரம் ஒன்றும் இராது. அதன்பின் சாக்கட்டி கிறீச்சிடும். கோவில்பட்டியில் எங்கள் வீட்டுச் சன்னலுக்கு எதிரே மீனலோசனி டாக்கீஸின் மதில்; பலகை அதில்தான் தொங்கியது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அந்த ஓசை வந்ததும் கல்லூரிப் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன். ஐம்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. இன்று அருகில் பேசுவதே எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. அது மட்டும் கேட்கிறது.

எழுதுகிறவள் அன்னக்கொடி. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவள். எட்டாவது வரை படித்தவள். சினிமா என்றால் உயிர். டாக்கீஸ் மேனேஜர் தங்கப்பழம் அவளுக்கு வெள்ளிக்கிழமை மேட்னியை இலவசமாகக் காட்டினார். பதிலுக்கு, புதுப்படத்தைப் பற்றித் தனக்குத் தோன்றியதை அவள் பலகையில் எழுத வேண்டும்.

ஒரு பேய்ப் படத்துக்கு, "பேய் வரும்வரை பயமாக இருந்தது. வந்த பிறகு பாவமாக இருந்தது" என்று எழுதினாள். ஒரு பக்திப் படத்துக்கு, "சாமியைக் குறைவாகப் பேசவிட்டிருக்கலாம்." காதல் படத்துக்கு, "பாடிய நேரத்தில் பேசியிருந்தால் இடைவேளைக்குள் கல்யாணம் முடிந்திருக்கும்." சிரிப்புப் படத்துக்கு, "எதற்குச் சிரித்தேன் என்று தெரியவில்லை. போய்ப் பாருங்கள்." சண்டைப் படத்துக்கு, "சண்டை ஒன்பது. காரணம் ஒன்று. அதுவும் மறந்துவிட்டது."

அந்த ஒன்பதுதான் பெரிய வம்பாயிற்று. ஆபீசுப் பெண்கள் நாள் முழுவதும் எண்ணியே பிழைக்கிறவர்கள். "பத்துட்டி! கிணத்தடியில நடந்ததை விட்டுட்டா" என்றாள் மாரிக்கனி. இல்லை என்று நாலு பேர் சாதித்தார்கள். கடைசியில் எட்டுப் பேர் மறுபடி டிக்கெட் எடுத்து, போய் எண்ணிவிட்டு வந்தார்கள். பத்துதான். அன்னக்கொடி ஒன்பதை அழித்துப் பத்து என்று எழுதினாள்.

அவர்களுக்கு வாரத்தில் ஒரு படம்தான் வாய்க்கும். பலகையைப் பார்த்துத்தான் சனிக்கிழமை முடிவு செய்வார்கள். ஒரே ஒருமுறை, மேனேஜர் கெஞ்சினாரே என்று, சொத்தைப் படம் ஒன்றை "நன்று" என்று எழுதிவிட்டாள். படம் விட்டு வந்த மாரிக்கனி முந்தானையால் பலகையைத் துடைத்தாள். இனி இதில் பொய் வராது என்று அன்னக்கொடி எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தாள்.

இரண்டாவது வாக்கு சுப்புத்தாய்க்குக் கொடுத்தது. இருவருக்கும் ஆபீசில் அடுத்தடுத்த இடம். சுப்புத்தாயின் மகன் செண்பகராஜ் சென்னையில் சினிமாச் சண்டைக்காரனாக இருந்தான். கதாநாயகர்கள் குதிக்க வேண்டிய இடங்களில் அவர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டிக் குதிக்கிறவன். எத்தனையோ மாடிகளிலிருந்து குதித்துப் பிழைத்தவன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அவன் குதித்த கடைசிப் படம் மூன்று வருடம் பெட்டியில் கிடந்துவிட்டு இப்போதுதான் வெளிவந்தது. அவன் இறந்தபின் பிறந்த மகளோடு மருமகள் ஞாயிறு மதியம் ரயிலில் வருகிறாள்.

"பிள்ளை அவ அப்பன் நடமாடி ஒரு தடவகூடப் பாக்கலட்டி" என்றாள் சுப்புத்தாய்.

"ஞாயித்துக்கிழமை படம் ஓடும் மதினி. அதுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டாள் அன்னக்கொடி, படத்தைப் பார்க்கும் முன்பே.

வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். படம் மகா மோசம். நடுவில் நான்கு முறை மட்டும் சுப்புத்தாய் அவள் கையை இறுகப் பிடித்தாள். நான்காவது முறை விடவே இல்லை.

கூட்டமில்லாத படத்தின் சுருள் பெட்டி ஞாயிறு காலையே பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போய்விடும். அதுதான் மீனலோசனியின் வழக்கம்.

பலகை முன்னால் மூன்று பேர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அருமைன்னு ஒரு வார்த்தை போடு தாயி. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றார் தங்கப்பழம்.

"எனக்காகப் பொய் எழுதாதட்டி. எழுதாமச் சும்மா விட்டுரு" என்றாள் சுப்புத்தாய். ஆனால் பலகை காலியாக இருந்தால், சாக்கட்டிக்குக்கூட ஆகாத படம் என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும்.

"மோசம்னா மோசம்னு எழுதுக்கா" என்றாள் மாரிக்கனி. "துடைக்கிறதுக்கு முந்தானை இன்னும் எங்கிட்ட இருக்கு."

"ரெண்டு வாக்கும் இந்த வாய் குடுத்ததுதான். ரெண்டையும் காப்பாத்தாம இங்கருந்து நகர மாட்டேன்" என்றாள் அன்னக்கொடி.

பிறகு ஈரத்துணியின் ஓசை. வழக்கமாக இரண்டு வரிதான் எழுதுவாள். அன்று சாக்கட்டி நிற்காமல் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

கேட்டவர்களே, இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஓர் எழுத்தும் பொய்யாகாமல், படமும் ஞாயிறுவரை ஓடும்படி, அன்னக்கொடி என்ன எழுதினாள்?

விடை: "படம் மோசம். மாடியிலிருந்து குதிப்பது கதாநாயகன் அல்ல; நம் சுப்புத்தாய் மகன் செண்பகராஜ். நான்கு முறை குதிக்கிறான். நான்காவதில் முகம் தெரிகிறது, வெட்ட மறந்துவிட்டார்கள். சந்தேகமிருந்தால் எண்ணிக்கொள்ளுங்கள்." எண்ணச் சொன்னால் எண்ணாமல் இருக்கிறவர்களா அவர்கள்? சனிக்கிழமை பெண்கள் பக்கம் நிறைந்து வழிந்தது. "ஒண்ணு, ரெண்டு" என்று உரக்க எண்ணினார்கள். ஐந்து என்று மாரிக்கனி அடம்பிடித்ததால் ஞாயிறும் கூட்டம். அன்று பாட்டியின் மடியில் குழந்தை இருந்தது. நான்காவது குதிப்பில் செண்பகராஜ் எழுந்து திரும்பிப் பார்த்தபோது யாரும் எண்ணவில்லை. தங்கள் நாயகனின் மானம் போயிற்று என்று ரசிகர் மன்றத்தார் வந்து சத்தம் போட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை தங்கப்பழம் பலகையைக் கழற்றிவிட்டார். அதன்பின் அன்னக்கொடி எல்லாரையும் போலப் பெண்கள் கவுண்டரில் நின்று, டிக்கெட் வாங்கித்தான் படம் பார்த்தாள்.