பேச்சியைத் தெரியாது

கதவுக்கு வெளியே ரப்பர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

"உள்ள வாங்கம்மா" என்றார் அற்புதராஜ்.

கதவு மெல்லத் திறந்தது. நீலக் கோட்டு மாட்டிய ஒரு பெண் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சுத் துகள். பெயர் பேச்சியம்மாள். அந்த நூற்பாலையின் விடுதியிலேயே தங்கி வேலை பார்ப்பவள்.

அற்புதராஜ் இந்த வேலைக்குப் புதியவர். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்று, தான் வாங்கும் நூலில் யாருடைய கண்ணீரும் இல்லை என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. அது நிஜம்தானா என்று பார்த்துவர இரண்டு பேரை அனுப்பியது. ஒருவர் அற்புதராஜ். இன்னொருவர் மரகதவல்லி. வயதில் அவர் இளையவர், தொழிலில் அவர்தான் குரு.

வரும் வழியில், பஸ்ஸில், அற்புதராஜ் கேட்டிருந்தார்.

"உண்மையைச் சொல்ற ஆளை எப்படி மேடம் காப்பாத்துறது?"

மரகதவல்லி டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். ஜன்னல் வழியே கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இப்போது மரகதவல்லி பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வேறு ஆட்களை விசாரித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் அற்புதராஜும் பேச்சியும்.

"சாப்பாடு எப்படிம்மா?"

"நல்லாருக்கு சார்."

"தங்குற இடம்?"

"நல்லாருக்கு சார்."

"லீவு கேட்டா குடுக்குறாங்களா?"

"நல்லாருக்கு சார்."

சொல்லிக்கொடுத்த பதில் கேள்விக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான். வந்த வேகத்தில் போய்விட்டார்கள்.

அற்புதராஜ் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்.

"எங்கம்மா செத்துப்போச்சு சார்" என்றாள் பேச்சி.

அவர் நிமிர்ந்தார்.

"காலைலயே போன் வந்திருக்கு. எங்க போனெல்லாம் வார்டன் பீரோவுல பூட்டி வெச்சிருப்பாங்க. ஷிப்டு முடியட்டும்னு யாரும் சொல்லல. நான் பாட்டுக்கு மிஷின்ல நூலு அந்து போனதை முடிஞ்சிட்டு நிக்கிறேன். ஊருக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க."

அழுதாள். அவர் தண்ணீர் கொடுத்தார். மேலும் கேட்டார். அவள் சொன்னாள். அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. ஆறுதலாக ஏதேதோ பேசினார். அவள் எழுந்து போவதற்குள், இடையில் டீ கொண்டுவந்தவர் காலிக் கோப்பைகளையும் எடுத்துப் போயிருந்தார்.

வெளியே பெஞ்சில் தனபால் உட்கார்ந்திருந்தான். மில்லில் ஆட்களைக் கவனிக்கும் அதிகாரி. அவன் குரல் உள்ளே கேட்டது.

"என்ன பேச்சி, மத்தவளுக எல்லாம் போனதும் வந்ததும் தெரியல. நீ மட்டும் கதாகாலட்சேபம் நடத்திட்டு வர்ற?"

"ஒண்ணுமில்ல சார்."

"கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"பஞ்சு விழுந்துருச்சு."

"ஏசி ரூம்புல ஏது பஞ்சு?"

அவள் செருப்பு மாட்டிக்கொண்டு போகும் சத்தம் வேகவேகமாகத் தேய்ந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மரகதவல்லி வந்தார்.

"எந்திரிச்சு அந்த ஓரமா உக்காருங்க" என்றார் தாழ்ந்த குரலில்.

"நான் என்ன மேடம் தப்பு பண்ணேன்?"

"அவளுக்கு மட்டும் நேரம் குடுத்துட்டீங்க."

"அவ மட்டும்தானே பேசினா?"

"அதேதான் வெளிய இருக்குறவரும் யோசிச்சுட்டிருக்காரு. நாம கேட்டைத் தாண்டினதும் அவ பெட்டியும் கேட்டுக்கு வெளிய வந்துரும்."

அற்புதராஜ் எழுந்து ஓரமாகப் போய் உட்கார்ந்தார். மரகதவல்லி அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அடுத்த ஆள் வரட்டும்."

உயரமான ஒரு பெண் வந்தாள். உட்காரும் முன்பே, "எல்லாம் நல்லாருக்கு மேடம்" என்றாள்.

"இருக்கட்டும். ஊர்ல அம்மா எப்படி இருக்காங்க?"

அவள் விழித்தாள். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"இருக்காங்க."

"என்ன பண்றாங்க?"

"ஆடு மேய்க்குது."

"கடைசியா எப்ப பேசுனீங்க?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு அம்மாவுக்குக் காது கேட்காது, அதனால் போனில் கத்த வேண்டும், கத்தினால் வார்டன் வைவார் என்றாள். வெள்ளாட்டின் பெயரைச் சொன்னாள். சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். பேச்சி இருந்த நேரம் ஆகும்வரை மரகதவல்லி அவளை விடவில்லை. கேட்க ஒன்றும் இல்லாதபோது சும்மா உட்கார்ந்திருந்தார். அவளும் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்தவள் வந்தாள். அவளிடமும் அம்மாதான். அதற்கடுத்தவளுக்கு அம்மா இல்லை, பெரியம்மா. ஒருத்தி எதுவுமே பேசாமல் நகத்தில் ஒட்டியிருந்த எண்ணெயைச் சுரண்டினாள். அவளுக்கும் அதே நேரம். காலையில் வந்த வேகத்தில் போனவர்களும் மறுபடி கூப்பிடப்பட்டார்கள். வெளியே வந்த யாருக்கும் கண் பழையபடி இல்லை. மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிற்று.

கடைசியில் மரகதவல்லி கதவைத் திறந்தார்.

"இப்ப நீங்க வாங்க தனபால்."

"நானா? நான் ஸ்டாஃப் மேடம்."

"ஸ்டாஃபுக்கும் அம்மா உண்டுல்ல."

தனபால் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். கரூர்ப் பக்கம் அம்மா தனியாக இருக்கிறார், இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கிறார், மில்லை விட்டுப் போக முடியவில்லை என்றான். சொல்லச் சொல்ல கால் கீழே இறங்கியது. எல்லோருக்கும் ஆன நேரம் அவனுக்கும் ஆயிற்று. வெளியே போனவன் பெஞ்சில் உட்காரவில்லை. நேராகக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினான்.

அதன்பிறகு யார் என்ன சொன்னாள் என்று அவன் யாரிடமும் கேட்கவில்லை.

மில்லுக்குப் போன அறிக்கையில் ஒருவர் பெயரும் இல்லை. வீட்டோடு பேச முடியவில்லை என்று விடுதியில் இருக்கும் எல்லோரும் சொன்னதாக மட்டும் இருந்தது. போனை அவரவர் கையில் கொடுக்க வேண்டும், விடுதிக் கேட்டைப் பூட்டக் கூடாது, இல்லாவிட்டால் நூல் எடுக்க மாட்டோம் என்றது திருப்பூர் கம்பெனி.

சில மாதம் கழித்து, சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க இருவரும் மறுபடி வந்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. கடைவீதியில் மில் பெண்கள் கூட்டமாக வளையல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நடைபாதையில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாமான் வாங்க வந்த வார்டன் நின்றார்; இவர்களை அவர் முன்பு பார்த்ததில்லை.

பேச்சி அவர்களைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்தது. சாலையைத் தாண்டி ஓடிவந்தாள்.

அற்புதராஜின் கை தானாக எழுந்தது. மரகதவல்லி அவருக்கு முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, என்னைத் தெரியுதா?"

"இல்லியேம்மா" என்றார் மரகதவல்லி. "நீ எந்த ஊரு?"

பேச்சி அற்புதராஜைப் பார்த்தாள்.

அவர் செருப்புக்கடைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். முழுக்கப் படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பிப் போனாள்.

"யாரடி அது?" என்று வார்டன் கேட்பது காதில் விழுந்தது.

"தெரிஞ்சவங்கன்னு நெனச்சுட்டேன்."

"போற வர்றவங்ககிட்டயெல்லாம் பல்லைக் காட்டாத."

கூட்டம் அடுத்த கடைக்கு நகர்ந்தது.

அன்று சாயங்காலம் லாட்ஜின் பின்கட்டில் மரகதவல்லி துணி துவைத்துக்கொண்டிருந்தார். அற்புதராஜ் வந்து சற்றுத் தள்ளி நின்றார். மரகதவல்லி கையை நிறுத்தி ஏறிட்டுப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு முகம் செத்துப்போச்சு மேடம்."

"பாத்தேன்."

"ஒரு சிரிப்பு சிரிச்சிருக்கலாம்."

"சிரிச்சிருக்கலாம். வார்டன் அவளைத்தான் பாத்துட்டிருந்தாங்க."

அற்புதராஜ் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். எங்கோ பஸ் ஒன்று ஆரன் அடித்துவிட்டுப் போனது.

"உங்களுக்கு இப்படி நெறைய பேரா?"

"ஒவ்வொரு ஊர்லயும்."

"யாரும் உங்களைத் தேடி வந்ததில்லையா?"

"வரக் கூடாது."

அற்புதராஜ் தொட்டித் தண்ணீரில் விரலால் அளைந்தார். பிறகு கேட்டார்.

"கொஞ்ச நாள்ல பழகிருமா மேடம்?"

"பழகிருச்சுன்னா" என்றார் மரகதவல்லி, "அன்னைக்கே இந்த வேலைய விட்டுருங்க."

சோப்புக் கட்டியை எடுத்து, சேலையின் கரையை மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.