பதினேழாவது வரி

ராஜா, மந்திரி வருவாங்கன்னு உக்காந்திருக்கீங்களா? வர்றது ஈமெயில்தாங்க. அலுப்புதான், கேளுங்க.

எங்க குடியிருப்போர் சங்க ஈமெயில் குழுவுல, ஒவ்வொரு ஈமெயிலுக்கும் அடியில தானா ஒட்டிக்கிற சிக்னேச்சர் நாலு வரிக்கு மேல கூடாது. தலைவர் கோதண்டபாணி "நாளைக்குத் தண்ணி வராது"ன்னு ஒரே வரி எழுதுவாரு. அடியில பேரு, பட்டம், பதவின்னு இருபத்திரண்டு வரி தொங்கும்.

சங்கத்து டைப்பிஸ்ட் சௌந்தரி, "குறைச்சுக்கலாமே சார்"னா.

"எல்லாரும் வரி விடாம படிக்கிறாங்கம்மா. இல்லேன்னு கூட்டத்துல நிரூபி. முடியலேன்னா வேலைக்கு வராத."

கூட்டத்துல சௌந்தரி பெருமூச்சு விட்டு எழுந்தா. "போன மாசம் சிக்னேச்சர்ல உங்க போன் நம்பர மாத்தச் சொன்னீங்கள்ல சார்? அப்பவே பதினேழாவது வரியில, 'இதைப் படிக்கிறவங்க ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்குப் பிரியாணி சாப்பிட வரலாம்'னு சேர்த்துட்டேன். ஒருத்தராவது வந்தாங்களா?"

"என்னைக் கேக்காமயா?"ன்னு தலைவர் குதிச்சாரு.

டீ கொண்டுவந்த ராக்கப்பன் தட்டோட நின்னுட்டாரு. "தினம் நீங்கதானேய்யா அனுப்பினீங்க! அப்ப நீங்களே படிக்கலையா?"