ஒரே ஒரு சாவு நடந்த மலை

“கருவேங்கை மலை, ஆயிரத்துக்கு ஒன்று” என்று படித்தார் சுகாதாரத் துணை இயக்குநர். அரங்கம் கைதட்டியது.

மலையின் கிராமச் செவிலி தவமணி தட்டவில்லை. கடந்த ஆண்டின் சாவுக் கணக்கு அது. சமவெளிக்கு ஆறு, நகரத்துக்கு இருபத்தொன்று. அதிகம் சாகும் இடத்துக்கு ஆம்புலன்ஸ், குறைவாகச் சாகும் இடத்துக்குப் பாராட்டுப் பத்திரம் என்பது விதி. வண்டி நகரத்துக்குப் போயிற்று. அங்கே ஏற்கெனவே நான்கு நின்றன.

மலையில் இருப்பதே ஆயிரம் பேர். செத்த ஒருவனும் இடி விழுந்து செத்தவன். நோயாளியை வீட்டில் வைத்திருக்காதீர்கள் என்று தவமணி குடிசை குடிசையாகச் சொல்லியிருந்தாள். மலைக்காரன் சடையனும் அவன் தம்பியும் கம்பில் டோலி கட்டித் தூக்கி, பதினாறு கிலோமீட்டர் இறங்கி, இருபத்தேழு பேரை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்தார்கள். வெளியே உயிர்விட்ட உடல் ஓடையைத் தாண்டி ஊருக்குள் வரக் கூடாதென்பது மலை வழக்கம். அவர்களில் பிழைக்காதவர்களுக்கு ஓடைக்கு இக்கரையில் பத்தொன்பது மண்மேடுகள். கடைசி மேட்டில் தம்பியின் மனைவி. பிரசவ வலியோடு வந்து ஆஸ்பத்திரி வாசலில் உயிர் அடங்கியவள். சடையன் மனைவிக்கு இப்போது ஏழாம் மாதம்.

தவமணி எழுந்து மேடுகளைப் பற்றிச் சொன்னாள். நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவு எழுத்தரைக் கேட்டார்கள். உயிர் போன இடத்தில்தான் சாவைப் பதிய வேண்டும், அப்படித்தான் பதிந்தேன் என்றார் அவர்.

“ஏம்மா, கணக்குல இல்லாத சாவுக்கு வண்டி எப்படிக் குடுக்கிறது? அடுத்த வருஷம் மலையிலேயே பத்துப் பேரைக் காட்டு, பார்க்கலாம்” என்றார் துணை இயக்குநர்.

சிரித்தார்கள். தட்டில் முந்திரி பிஸ்கட் வந்தது.

செத்த இடத்தை எழுதிய எழுத்தர், தூக்கிப்போகச் சொன்ன செவிலி, கூட்டிப் படித்த அதிகாரி. மலையின் சாவுகளை மறைத்தது யார்?

எழுத்தர் எழுதியது மெய். அதே தாளில் சொந்த ஊருக்கென்று ஒரு கட்டம் உண்டு, அதையும் நிரப்பியிருந்தார். செவிலி சொல்லியிராவிட்டால் பிழைத்த எட்டுப் பேரும் செத்திருப்பார்கள். சொந்த ஊர்க் கட்டப்படி கூட்டினால் மலைக்கு ஆயிரத்துக்கு இருபது. வெளியூர்க்காரர்களைக் கழித்தால் நகரத்துக்கு ஏழு. கூட்டாதவர் அதிகாரி. மேடுகளைக் கேள்விப்பட்ட பிறகும் அவர் தாள்களைக் கேட்கவில்லை. இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தார். வெளியே, அன்று காலையும் ஒருவரைத் தூக்கிவந்திருந்த சடையன், டோலிக் கம்பில் இற்றுப்போன கயிற்றை அவிழ்த்துவிட்டுப் புதுக்கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.