குன்றிமணிப் படையும் கோட்டை வாசலும்

உடையான்குறிச்சிக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்களில் சொல்வதில் பாதி பொய். மீதிப் பாதியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கும்பினிக்காரன் துப்பாக்கியோடு வந்து அந்த ஊர் மண்கோட்டையைப் பிடித்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றைக்கு வாசல் காவலில் நின்றவர், முதல் வெடிச் சத்தம் கேட்டு எடுத்த ஓட்டத்தில் மூன்றாவது ஊர் போய்த்தான் மூச்சு விட்டாராம். அதிலிருந்து அவர் வம்சத்துக்கு 'ஓடினான் வீடு' என்று பெயர். இப்போது அந்த வீட்டுக்குப் பெரியவர் மளிகைக்கடை ஆறுமுகநயினார். ஒருவருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷன். ஆனால் கல்யாணப் பத்திரிகையில்கூட 'ஓடினான் வீட்டு ஆறுமுகநயினார்' என்றே அச்சடித்து வரும். அதைப் படித்த அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

ஆகவே, சரித்திரச் சங்கத் தலைவர் பலவேசம் ஒரு விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்து, அந்தச் சண்டையை மேசைமேல் மறுபடி போட்டுப் பார்க்கலாம் என்றபோது, ஆறுமுகநயினார் எழுந்து கைகூப்பினார்.

"அண்ணாச்சி, வாசக்காவலை எனக்குத் தாங்க. இந்தத் தடவை தலையே போனாலும் நகர மாட்டேன்."

கொடுத்தார்கள். சங்கத்தில் இருந்ததே நாலு பேர். பலவேசமும் தையல்கடைக் கொம்பையாவும் கும்பினி. அவர்களுடைய சிவப்புச் சட்டைக்காரர்களுக்குக் குன்றிமணி. உச்சிமாகாளி கோட்டைத் தளபதி, ஆறுமுகநயினார் வாசல். அந்தப் படைக்குப் புளியங்கொட்டை. விதி ஒன்றைக்கூட மீறுவதில்லை என்று நால்வரும் சத்தியம் செய்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

'மேசையில் ஓர் அங்குலம் என்பது தரையில் நூறு அடி' என்றிருந்தது. கொம்பையா ஒரு குன்றிமணியை ஓர் அங்குலம் நகர்த்துமுன் தெருவில் இறங்கி நூறு அடி நடந்துவிட்டு வந்தார். அவர் படையில் அறுபது பேர். நாற்பதாவது ஆளுக்குள் கால் வீங்கிவிட்டது.

"குதிரைப்படை சும்மாதான கெடக்கு, அதை நகத்தும்" என்றார் பலவேசம்.

"குதிரைக்கு நான் எங்க போவேன் அண்ணாச்சி?"

நெடுநேரம் விவாதித்து, குதிரைக்குப் பதில் சைக்கிள் செல்லும் என்று முடிவாயிற்று.

அடுத்த விதி: 'தளபதியின் கட்டளை எழுத்தில், தூதர் மூலமே போக வேண்டும்.' உச்சிமாகாளி ஒரு கார்டில் ஏதோ எழுதித் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்து, ஆறுமுகநயினார் பக்கத்தில் முழங்கை இடிக்க உட்கார்ந்தார்.

"என்ன எழுதியிருக்கீரு?"

"அதை நான் வாயால சொல்லலாமாவே? தபால் வரட்டும்."

மூன்று நாள் நால்வரும் காலையில் வந்து மேசையைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு, பொழுது சாய வீட்டுக்குப் போனார்கள். நாலாம் நாள் தபால்காரர் வந்தார். 'கதவைச் சாத்தும்' என்றிருந்தது. சாத்தினார்.

கும்பினி சுட்டது. 'ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் களத்தைப் புகை மூடும்' என்று புத்தகம் சொன்னதால், பலவேசம் வெடிக்கு ஒரு பிடி சாம்பிராணி போட்டார். புகை வீணாகக் கூடாதென்று கொம்பையா சன்னல்களைச் சாத்தினார். ஐந்தாவது வெடியில் மேசை தெரியவில்லை. எட்டாவதில் பலவேசம் "யம்மா!" என்று வெளியே பாய்ந்தார். கொம்பையாவும் உச்சிமாகாளியும் அவர் பின்னாலேயே விழுந்தடித்து வந்தார்கள்.

ஆறுமுகநயினார் மட்டும் நகரவில்லை. கண்ணும் மூக்கும் ஒழுக, ஒற்றைப் புளியங்கொட்டையை வாசலில் விரலால் அழுத்திப் பிடித்திருந்தார். வீட்டு மானமே அந்த விரலுக்கு அடியில் இருந்தது.

வெளியே பலவேசம் புத்தகத்தைப் புரட்டினார். "'களத்தைவிட்டு வெளியேறியவர் தோற்றவர்.' நாம தோத்துட்டோம்வே."

"நான் உங்க எதிரிப் படைல்லா அண்ணாச்சி?" என்றார் உச்சிமாகாளி.

"நீரும் வெளியதான நிக்கீரு? நீரும் தோத்தாச்சு. ஜெயிச்சது வாசக்காவல் மட்டுந்தான்."

வாசற்படியில் நின்று பலவேசம் இதைச் சொன்னதும், உள்ளே ஆறுமுகநயினார் சின்னப்பிள்ளை மாதிரி விம்மி அழுதார்.

"அழ நேரமில்லவே, இன்னொண்ணு இருக்கு. 'வென்றவர், தோற்றோடுபவரை உடனே துரத்த வேண்டும். நின்றால் வெற்றி செல்லாது.'"

மூவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். ஆறுமுகநயினார் துரத்தினார். கொம்பையாவுக்குக் கால் வீக்கம், பலவேசத்துக்குத் தொப்பை, உச்சிமாகாளிக்கு மூச்சிரைப்பு. ஆறுமுகநயினாருக்கோ சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. கடைத்தெரு வருமுன் மூவரையும் தாண்டிவிட்டார்.

கடைத்தெருவே எழுந்து நின்று பார்த்தது.

"ஓடினான் வீட்டுக்காரரு ஓடுதாரு பாருங்கவே!"

"ஓடலவே, துரத்துதேன்!"

"யாரை?"

"பின்னால வாராங்கல்லா, அவங்களத்தான்!"

பலவேசம் மூச்சு வாங்க டீக்கடை முன்னால் நின்றார். தாண்டிப் போனால் என்ன செய்வதென்று புத்தகத்தில் இல்லை. மூவரும் கூடிப் பேசினார்கள். ஆறுமுகநயினார் நிற்கக் கூடாதென்று அங்கேயே குதித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு செய்யும்," என்றார் பலவேசம். "அப்படியே ஓடி ஊரைச் சுத்தி வாரும். எங்க முதுகுக்குப் பின்னால வந்திருவீரு."

அது சரியாகத்தான் பட்டது. அவர் ஓடினார். மூவரும் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்தார்கள். அரைமணியில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தோற்ற படையல்லவா, டம்ளரை வைத்துவிட்டு அலறி ஓடினார்கள். ஆறுமுகநயினார் வந்த வேகத்தில் மறுபடியும் தாண்டிவிட்டார்.

"போச்சு! இன்னொரு சுத்து சுத்தும்" என்றார் பலவேசம்.

"அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவா ஓடட்டா?"

பலவேசத்துக்கு வந்ததே கோபம். "மெதுவா ஓடுனா நீரு துரத்துதீருன்னு எவன்வே நம்புவான்? இன்னும் வேகமா ஓடும்!"