கந்தனுக்குக் கடுங்காப்பி வைத்த நாச்சக்காள்

பழனி மலையின் கீழடுக்கில், பலாவும் ஆரஞ்சும் நிழல் தரும் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே கானல்பாறை என்றோர் ஊர். அவ்வூரில் காப்பிப் பழம் பறித்துப் பிழைத்தவர் நாச்சக்காள் அம்மையார். இடுப்பில் கூடை, தலையில் மழைக்கு ஒரு சாக்கு, வாயில் முருகன் பெயர். அவருடைய சொத்து அவ்வளவுதான். சிவந்த பழத்தை மட்டும் திருகி எடுப்பார். தவறிப் பச்சைக்காய் கையோடு வந்துவிட்டால், "பொறுத்துக்கப்பா கந்தா, அவசரப்பட்டுட்டேன்" என்று அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

நாள்தோறும் விடிந்ததும் கடுங்காப்பி போட்டு, பித்தளைத் தம்ளரில் ஊற்றி, முந்தானையால் மூடிக்கொண்டு குன்றின்மேல் இருக்கும் முருகன் கோயிலுக்கு ஏறுவார். ஊர் முழுக்கக் காப்பி விளைகிறதே, விளைய வைக்கிறவனுக்கு ஒரு வாய் கிடையாதா? இந்த நியாயத்துக்குமேல் அவருக்கு வேறு சாத்திரம் தெரியாது.

அந்தக் காப்பிக்கான பழத்தை அவர் மரத்திலிருந்து பறித்ததே இல்லை. பறித்தால் அது தோட்டக்காரருடையது. கீழே உதிர்ந்ததை வேலையாட்கள் பொறுக்கிக்கொள்ளலாம் என்பது அங்கே வழக்கம். ஆனால் மண்ணில் விழுந்ததைச் சாமிக்குக் கொடுக்க அவர் மனம் ஒப்பவில்லை. தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டு, ஓரத்து மரங்கள் சிலவற்றின் அடியில் குச்சி நட்டுத் தம் பழைய சேலைகளை விரித்துக் கட்டினார். நன்றாகக் கனிந்து கறுத்து, மரமே போதும் என்று விட்ட பழம் அதில் வந்து விழும். அதைத் தோலோடு காயவைத்து, உரலில் குத்திப் புடைத்து, மண்சட்டியில் வறுத்துப் பொடிப்பார். அந்தப் பொடியில் போட்ட காப்பியில் கசப்பு முன்னால் வரும். விழுங்கிய பிறகு பலாச்சுளை தின்றாற்போல் ஓர் இனிப்பு நாவிலேயே நிற்கும்.

"நாச்சக்கா, மரத்துக்குச் சேல கட்டிவிட்டாச்சு! மாப்பிள்ளை எப்பப் பாக்கப் போற?" என்று கூடப் பறிக்கும் பெண்கள் கேலி செய்வார்கள். அம்மையாரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவார்.

கோயில் பூசாரி குழந்தைவேலுப் பண்டாரம் ஆசாரக்காரர். வாயும் கொஞ்சம் நீளம். "பஞ்சாமிர்தம் சாப்பிடுற சாமிக்குக் காப்பித் தண்ணியா? உள்ள கொண்டு வராத!" என்று முதல் நாளே தடுத்துவிட்டார். அம்மையார் வாசற்படியில் தம்ளரை வைத்துவிட்டு வேலைக்குப் போவார். பண்டாரம் அதை எடுத்துச் செடியடியில் கொட்டிவிடுவார். மாலையில் வந்து காலித் தம்ளரைப் பார்க்கும்போது அம்மையாருக்குப் பூரிப்பு தாங்காது. "குடிச்சிட்டாரு!" என்று எதிர்ப்படுவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு இறங்குவார்.

ஒருநாள் ஒருத்தி பொறுக்கமாட்டாமல் உண்மையை உடைத்துவிட்டாள். "நீ ஒரு வெகுளி நாச்சக்கா. பண்டாரம் கீழ கொட்டுறாரு, நீ சாமி குடிச்சாருங்கிற!"

அம்மையாரின் முகம் வாடிவிட்டது. பிறகு, "அபிசேகம் பண்றதும் அந்தக் கைதான? அது எங்க ஊத்துனாலும் அவருக்குப் போயிரும்" என்றார்.

அவருடைய கணவர் சடையப்பன் நிழல் மரத்துக் கிளை கழிக்க ஏறி, வழுக்கி விழுந்து இறந்தார். துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர், "தெனமும் காப்பி வச்சியே, உன் முருகன் என்ன செஞ்சான்?" என்று கேட்டார்கள். அந்த நேரத்திலும் கேட்க வாய் வருகிறதே! "மழ ஈரம், கால் வழுக்கிருச்சு. அவரு மேல எதுக்குப் பழி?" என்று சொல்லிவிட்டு அம்மையார் விம்மி விம்மி அழுதார். துக்க நாட்கள் கழிந்ததும் மறுபடி தம்ளரோடு குன்று ஏறினார்.

பிறகு ஓர் ஆண்டு, பழம் பறிக்கும் காலத்தில் மழை விடவேயில்லை. பழம் மரத்திலேயே வெடித்துப் பூசணம் பூத்தது. விரித்த சேலைகளில் அழுகல்தான் விழுந்தது. தோட்டத்தில் வேலையும் நின்றது. வீட்டில் மிஞ்சியது ஒரு தம்ளருக்கு ஆகும் பொடி. அதைத் துணியில் முடிந்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டார். "பூசத்தன்னிக்காவது நல்லதா ஒண்ணு வச்சிரணும்" என்பதே அவருடைய ஒரே கவலை. மற்ற நாட்களில் வெந்நீரை வைத்து, "இதக் குடிச்சிட்டுப் பொறுத்துக்க சாமி" என்று சொல்லி வந்தார்.

தைப்பூசமும் வந்தது. வீட்டில் கருப்பட்டி இல்லை. வெறுங்காப்பியைத் தம்ளரில் ஏந்திக்கொண்டு ஏறினார். பாதிப் படியில், கோயிலைத் திறக்கக் கிளம்பிய பண்டாரம் விழுந்து கிடந்தார். இடுப்பில் சாவிக்கொத்து. உடம்பு அனலாய்க் கொதித்தது. பல் தந்தியடிக்க நடுங்கியது.

"நாச்சக்கா... குளிருது... சூடா ஏதாவது..." என்றார்.

அம்மையார் மேலே பார்த்தார். கோயில் தெரிந்தது. கையிலிருந்ததைப் பார்த்தார். ஐயோ, அந்த ஒரு நொடியில் அவர் பட்ட பாட்டை முருகனே அறிவான். மறுகணம் படியில் உட்கார்ந்து, பண்டாரத்தின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"இது... சாமிக்கு வச்சதில்ல?" என்று பண்டாரம் முகத்தைத் திருப்பினார்.

"பேசாமக் குடிங்க சாமி. ஆறிப்போயிரும்."

ஒரு சொட்டும் மிச்சமில்லாமல் புகட்டினார். பண்டாரத்துக்கு மெல்ல நடுக்கம் நின்றது. அப்போதுதான் அம்மையாருக்கு அழுகை வந்தது. "முருகா, இந்த வருசம் உனக்கு இல்லாமப் போச்சே" என்று காலித் தம்ளரைக் கட்டிக்கொண்டு தேம்பினார். பண்டாரம் படியைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறிப்போனார்.

பூட்டைத் திறந்தார். கதவு விலகியதும் வறுத்த காப்பியின் மணம் முகத்தில் வந்து மோதியது. விளக்கை ஏற்றிப் பார்த்தார். கந்தன் திருவாயில் காப்பி. உதட்டோரம் வழிந்து, மார்பு வரைக்கும் ஈரம்.

துடைக்கத் துணியை எடுத்தவர் துடைக்காமல் நின்றார். பிறகு வாசலுக்கு ஓடிவந்து கத்தினார். "நாச்சக்கா! ஏ தாயி! உள்ள வா. குடிச்சது நானு, வாய் நனைஞ்சிருக்கிறது அவருக்கு!"

அம்மையார் ஏறி வந்து, வாழ்நாளில் முதன்முறையாக அத்தனை அருகில் நின்று பார்த்தார். கைகூப்பவும் தோன்றவில்லை அவருக்கு. கண்ணீர் ஒழுக, கூச்சத்தோடு பண்டாரத்திடம் கேட்டார்.

"கருப்பட்டி போடல சாமி. கசந்துச்சான்னு கேளுங்க."

காய்ச்சலில் நாக்கு மரத்துக் கிடந்த பண்டாரம், கருவறைப் படியிலேயே அம்மையாரின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கே இனிச்சுச்சு தாயி" என்று சொல்லவே அவரால் முடிந்தது.

தமக்கென்று ஒரு மடக்கும் வைத்துக்கொள்ளாமல் கொடுத்த நாச்சக்காள் அம்மையாரின் திருவடியை, காலையில் தம்ளரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நாமும் ஒருமுறை நினைத்துக்கொள்வோம்.