தொண்ணூற்றொரு கிலோ

சிஷ்யர் குருவைவிடப் பதினாறு வயது மூத்தவர். பதவியிலும் நான்கு படி மேலே.

பெரிய விமானக் கம்பெனி ஒன்று சின்னக் கம்பெனி ஒன்றை வாங்கியிருந்தது. தூத்துக்குடி விமான நிலையத்தில் அதுவரை இரண்டுக்கும் தனித்தனிக் கவுண்டர். இனி ஒன்று போதும் என்றார்கள். பதினாலு பேரில் ஏழு பேரைக் கழிக்க வேண்டும்.

கழிக்க வந்தவர் சுந்தரவதனன். சென்னைத் தலைமை அலுவலகத்துக்காரர். "வேலை என்னன்னு தெரிஞ்சுக்காம ஆளை எடுக்க மாட்டேன்" என்று சொல்லி, சின்னக் கம்பெனியின் பொறுப்பாளராக இருந்த பெர்னதெத்திடம் பத்து நாள் பாடம் கேட்க உட்கார்ந்துவிட்டார். யாருடைய வேலை போகலாமோ அவளிடமே பாடம். அந்த ஒரு காரியத்துக்காகவே அவருக்குக் கும்பிடு போடலாம்.

முதல் நாளே கேட்டார்.

"மேடம், ரெண்டு பேர் ஒரே வேலையைச் செய்யறாங்க. ரெண்டு பேருமே நல்லா செய்யறாங்க. யாரை வச்சுக்கறது?"

"கூட இருந்து பாருங்க சார்" என்றாள் பெர்னதெத்.

எட்டு நாள் பார்த்தார். பதில் கிடைத்தபாடில்லை.

ஒன்பதாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. சின்னக் கம்பெனி ஊழியர்களின் பணிக் கோப்புகள் அசலாக அன்று பிற்பகல் இரண்டு மணிக்குள் சென்னை வந்து சேர வேண்டும். கோப்பு வராதவர்கள் நேற்றுச் சேர்ந்தவர்களாகவே கொள்ளப்படுவார்கள்.

சின்னக் கம்பெனி கடைசிவரை காகிதத்திலேயே குடித்தனம் நடத்திய கம்பெனி. பெர்னதெத்தையும் சேர்த்து ஏழு பேர் உழைத்த வருடங்களுக்கு அந்தக் காகிதத்தை விட்டால் வேறு சாட்சி கிடையாது. எல்லாவற்றையும் மூன்று பெட்டிகளில் கட்டி, ஒன்பதரை மணி விமானத்தில் ஏற்றினார்கள். அதை விட்டால் அடுத்த விமானம் மூன்று மணிக்குத்தான்.

வெயில் ஏறிவிட்டால் சின்ன விமானம் அதிக எடை தூக்காது. அன்று நான்கு இருக்கை காலியாக இருந்தும் எடை நிறைந்துவிட்டது. ஒரு கிலோகூட இனி ஏறாது.

ஏழு மணியிலிருந்தே ஒருவர் கவுண்டர் பக்கம் நின்றுகொண்டிருந்தார். பெயர் பலவேசம், ஊர் சாயர்புரம். மஸ்கட்டில் வெல்டர் வேலைக்குப் போகிறவர். கையில் இருந்தது சின்னக் கம்பெனியின் எட்டு மணி டிக்கெட். இரண்டு கம்பெனியும் ஒன்றான கையோடு அந்த எட்டு மணி விமானத்தை நிறுத்திவிட்டார்கள். அவரை மூன்று மணி விமானத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

"மெசேஜ் வரலியாண்ணே?" என்று கேட்டாள் பெர்னதெத்.

"போனு வீட்ல அவ கையில இருக்கும். இங்கிலீசுல வந்தா அழிச்சிருவா."

"மூணு மணிக்குப் போனா என்ன?"

"மெட்ராசுல ஒன்றரைக்கு மஸ்கட்டு பிளேனு, தாயி. விசாவுல உள்ள நுழைய இன்னைக்குத்தான் கடைசி நாளு. விட்டுட்டா திரும்ப ஏஜெண்டு வாசல்ல போயி நிக்கணும். ஒன்றரை வருசம் நின்னாச்சு."

அவர் சத்தம் போடவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். சத்தம் போட்டிருந்தால்கூட மனசு இவ்வளவு சங்கடப்பட்டிருக்காது.

சிஷ்யர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அவர் மேல தப்பில்லை மேடம். ஆனா டிக்கெட்டை வித்தது மூடிப்போன கம்பெனி."

"வித்தது நான் சார். போன மாசம், இதே கவுண்டர்ல."

எழுந்து போய் பலவேசத்தின் பையை வாங்கித் தராசில் வைத்தாள். பதினாலு கிலோ. விமானக் கணக்கில் ஆளுக்கு எழுபத்தைந்து. மொத்தம் எண்பத்தொன்பது.

சரக்குத் தாளை எடுத்துப் பார்த்தாள். மூன்று பெட்டிகள், தொண்ணூற்றொரு கிலோ.

சரக்கு ஏற்றும் மிக்கேலும் தோளுக்குப் பின்னாலிருந்து அந்தத் தாளைப் பார்த்தான். அவனுடைய எட்டு வருடமும் அந்தப் பெட்டிகளில்தான் இருந்தது. மற்ற ஐந்து பேரும் பக்கத்திலேயே நின்றார்கள்.

"உங்க எல்லார்ட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும்லா" என்றாள் பெர்னதெத்.

"கேட்டுக்கிட்டு நின்னா கதவைச் சாத்திருவான்க்கா" என்று சொல்லிவிட்டு மிக்கேல் விமானத்தைப் பார்த்து நடந்தான்.

ஒருவரும் அவனை நிறுத்தவில்லை. ஒரு பெண் போய் பலவேசத்தின் பையில் சீட்டைக் கட்டினாள். இன்னொருவர் அவரைக் கையைப் பிடித்து சோதனை வரிசையின் முன்னால் கொண்டுபோய் விட்டார். ஏழு பேரில் ஒரு முகம்கூடச் சுளிக்கவில்லை. எழுதும்போதும் எனக்கு அந்த ஆச்சரியம் தீரவில்லை.

விமானம் புறப்பட்டது. பெட்டிகள் தள்ளுவண்டியில் திரும்பி வந்தன.

சிஷ்யர் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். ஒரு நாள் அவகாசம் கேட்டார். பிறகு அரை நாள் கேட்டார். இரண்டு மணி என்றால் இரண்டு மணிதான் என்று வைத்துவிட்டார்கள்.

அவர் வந்து பெர்னதெத்தின் எதிரில் உட்கார்ந்தார். கழிக்க வேண்டியவர்களின் பட்டியல் மேசையில் கிடந்தது. அதில் இன்னும் ஒரு பெயரும் எழுதவில்லை.

"இனிமே நீங்க ஏழு பேரும் நேத்து சேர்ந்தவங்க. தெரியும்தானே?"

"தெரியும் சார்."

"உங்களுக்கு மட்டும் பன்னிரண்டு வருஷம், மேடம்."

"ஆமா சார்."

"அப்புறம் எப்படி மனசு வந்தது?"

பெர்னதெத் மூன்று மணி விமானத்தின் பயணிகள் தாளை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"பெட்டியில இருந்தது நாங்க வேலை பாத்ததுக்குச் சாட்சி சார். வேலை அந்தா, பெஞ்சில உக்காந்திருந்துச்சு."